பழைய டிராக்டருக்கு மாற்று டர்போ: எதை எடுக்கலாம், எதை விடலாம்

50 எச்பிக்கு மேல் உள்ள டிராக்டர்கள் பலவற்றில் டர்போ உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம் அது. வண்டி நன்றாக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில் வராது. பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் ரோட்டவேட்டரை இறக்கியதும் என்ஜின் முக்கும், சைலன்சரில் கருகருவென்று புகை கிளம்பும், மெக்கானிக் ஹோஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு "டர்போ போச்சுங்க" என்பார். அதற்கப்புறம்தான் அலைச்சல். ஷோரூமில் அந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்றும் சொல்ல மாட்டார்கள். வெளியே விசாரித்தால் ஆளுக்கொரு யோசனை: கோர் மாற்று, கிட் போடு, பொலிரோ டர்போ கிடைத்தால் மாட்டு, இல்லையென்றால் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டு.

இவற்றில் எதையும் முழு மடத்தனம் என்று தள்ள முடியாது. எந்த நிலைமையில் எது சரிப்படும் என்பதுதான் கேள்வி. பேச வசதியாக ஓர் என்ஜினை எடுத்துக்கொள்கிறேன்: 55 எச்பி, 3 சிலிண்டர், 2.9 லிட்டர், 2400 ஆர்பிஎம், இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கிடையாது. உங்கள் வண்டி இதற்குக் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் கணக்கு இதே வழியில்தான் போகும்.

டர்போதான் போயிருக்கிறதா?

கரும்புகை என்றால் ஊற்றும் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு டர்போ மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஏர் கிளீனர் அடைத்திருந்தாலும் இதே புகைதான். டர்போவிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்கு அடியில் ஒரு வெடிப்பு இருக்கும். வண்டி சும்மா நிற்கும்போது மூடியிருந்து, லோடு ஏறிக் காற்றழுத்தம் வந்ததும் வாய் திறக்கும். அந்த இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாக ஒட்டியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதினாலும் டர்போவைச் சுழற்றும் புகை வழியிலேயே வீணாகிவிடும்.

அப்புறம், ஷெட்டில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்து "டர்போ எடுக்கலை" என்று தீர்ப்புச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். லோடு இல்லாத என்ஜினில் டர்போ பெரிதாக எதுவும் காட்டாது. ஹோஸில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, பிரஷர் கேஜ் மாட்டி, வயலில் ரோட்டவேட்டர் இறங்கி ஓடும்போது பார்க்க வேண்டும். இந்த அளவு என்ஜினில் 0.6 முதல் 0.8 பார், அதாவது 10 பிஎஸ்ஐ பக்கம் ஏறினால் டர்போ தன் வேலையைச் செய்கிறது. கோளாறை வேறெங்காவது தேடுங்கள்.

நீலப்புகை வேறு சங்கதி. அது என்ஜின் ஆயில் எரிகிற புகை. டர்போவின் இரண்டு முனையிலும் ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம்தான் இருக்கிறது. ஆயில் தன் எடையால் கீழே டிரெயின் பைப் வழியாக, என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கிக்கொண்டே இருந்தால்தான் அந்த வளையத்தால் தாங்க முடியும். டிரெயின் பைப்பில் கரி அடைத்திருந்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்க் கேஸில் காற்றழுத்தம் ஏறியிருந்தாலோ, ஆயில் இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் தள்ளும். இந்த நிலையில் புத்தம் புது டர்போ மாட்டினாலும் அதுவும் ஆயில் தள்ளத்தான் செய்யும். ஆயில் ஊற்றும் வாய் மூடியைத் திறந்து வையுங்கள். அங்கிருந்து புஸ்ஸு புஸ்ஸென்று புகை அடித்தால் செலவு டர்போவோடு முடியாது, என்ஜின் வேலையும் சேர்ந்தே இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தால் கையால் பார்க்கும் சோதனை. என்ஜின் ஆறிய பிறகு ஏர் ஹோஸைக் கழற்றி, ஃபேன் நடுவில் உள்ள நட்டை இரண்டு விரலால் பிடியுங்கள். மேலும் கீழும் லேசாக ஆடும். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் ஆயில் படலத்தில் மிதக்க விட்ட இடைவெளி அது, பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். அந்தப் பக்கம் அனுமதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. விரலுக்குத் தெரிகிறபடி ஆடினால், ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங் முடிந்தது. இறக்கை நுனி ஹவுசிங்கை (வெளிக்கூட்டை) உரசிப் பளபளவென்று ஒரு வட்டம் போட்டிருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, கழற்ற வேண்டியதுதான்.

பெயர்ப்பலகையைக் கழுவுங்கள்

ஷோரூமில் "இந்த மாடலுக்கு வராது" என்றால், டிராக்டர் கம்பெனியின் பார்ட் நம்பரில் வராது என்றுதான் அர்த்தம். டிராக்டர் கம்பெனிகள் பொதுவாக டர்போவை வெளியில் வாங்கித்தான் பூட்டுகின்றன. கேரட், ஹோல்செட், கேகேகே என்று இருந்து இப்போது போர்க்வார்னர் ஆனது, ஐஹெச்ஐ, நம் சென்னையில் 1982-இல் தொடங்கிய டர்போ எனர்ஜி என்று பெயர்கள் சில. காற்று இழுக்கும் பக்கத்து ஹவுசிங்கில் ஒரு சின்ன அலுமினியத் தகடு இருக்கும். பதினைந்து வருட ஆயிலும் புழுதியும் அப்பி, தகடு இருப்பதே தெரியாது. டீசலில் நனைத்த பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நம்பர் வெளியே வரும். கேரட் என்றால் ஆறு இலக்கம், ஒரு கோடு, அதன்பின் நான்கு இலக்கம். ஹோல்செட்டில் ஏழு இலக்கம். இந்த நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு, டிராக்டர் ஷோரூமுக்குப் போகாமல் டர்போ கம்பெனியின் டீலரிடமோ நல்ல டர்போ சர்வீஸ் கடையிலோ கேளுங்கள். பழைய நம்பர் நின்றுபோய் அதற்குப் பதில் புது நம்பர் வந்திருந்தால் அவர்கள் பட்டியலில் தெரியும். "கிடைக்காது" என்ற டர்போக்களில் பாதிக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம். தகட்டைப் பார்க்காமலே மாற்று தேடுகிறவர்கள்தான் அதிகம்.

முழு டர்போவா, கோரா?

அதே நம்பரில் புது டர்போ கிடைத்து, கையில் பணமும் இருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. வாங்கி மாட்டுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இதுதான் கணக்குக்கு ஒத்துவரும். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் வருமானம் தரும் வண்டி, சம்பா நடவுக்கு முன்னால் பத்து நாள் ஷெட்டில் நின்றால் என்ன நஷ்டம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை கோர் அசெம்பிளி. டர்போவை மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளலாம்: காற்று இழுக்கும் பக்க அலுமினிய ஹவுசிங், புகை வரும் பக்க இரும்பு ஹவுசிங், நடுவில் ஷாஃப்ட், இரண்டு ஃபேன், புஷ், வளையம் எல்லாம் அடங்கிய நடுப்பகுதி. தேய்வது பெரும்பாலும் நடுப்பகுதிதான். கடையில் "கோர்" என்று கேட்டால் பேலன்ஸ் செய்து, அப்படியே பூட்டும்படி தருவார்கள். பொதுவாக முழு டர்போ விலையில் பாதிக்குக் கீழே அடங்கும். உங்கள் பழைய ஹவுசிங் இரண்டும் திரும்ப வருவதால் ஃபிளாஞ்ச் (வைத்துப் பூட்டும் முகம்), போல்ட் துளை, பைப் வாய் எதிலும் சிக்கல் வராது.

அதற்கு ஹவுசிங் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இறக்கை உரசி அலுமினியத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவே காற்று நழுவும். டர்போ சுற்றும், அழுத்தம் ஏறாது. இரும்பு ஹவுசிங்கில் உள்ளே மயிரிழை வெடிப்பு கொஞ்சம் இருப்பது பழைய டர்போவில் சகஜம். அது வெளிச் சுவர் வரை ஓடியிருந்தால் கூடாது. கழற்றும் முன் இரண்டு ஹவுசிங்கும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று சென்டர் பஞ்ச்சில் புள்ளி குத்தி வையுங்கள். இதைச் செய்யாமல் பிரித்துவிட்டு, மாட்டும்போது ஹோஸ் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நின்று அரைநாள் போவதுண்டு.

கோருக்கும் மலிவாக ரிப்பேர் கிட் இருக்கிறது: புஷ், திரஸ்ட், வளையம் மட்டும். ஷாஃப்டில் தேய்மானமே இல்லை, கடையில் பேலன்சிங் மெஷினும் இருக்கிறது என்றால் போடலாம். மெஷின் இல்லாமல் "நாங்க கையிலேயே பேலன்ஸ் பார்த்துடுவோம்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நிமிடத்துக்கு 1,20,000 சுற்று சுற்றும் ஷாஃப்டில், நடுவிலிருந்து 2 செ.மீ. தள்ளி 1 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் புஷ்ஷை 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு இழுக்கும். கை விரலால் உணர்கிற விஷயம் இல்லை இது.

கம்பெனிப் பெயரே இல்லாத அட்டைப் பெட்டியில் முழு டர்போ, கோர் விலைக்கே கிடைக்கிறது. நன்றாக ஓடுவதும் உண்டு. ஒரே நம்பர் போட்ட இரண்டு பெட்டிக்குள் இரண்டு விதமான ஃபேன் இருப்பதும் உண்டு. இதை எடுப்பதாக இருந்தால் பழைய ஃபேனின் வெளி விட்டத்தையும் காற்று நுழையும் வாயின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து, கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வேறு வண்டி டர்போ

இப்போது எல்லோருக்கும் ஆசை வரும் இடத்துக்கு வருவோம். புதுப்பேட்டை, உக்கடம் போன்ற பழைய சாமான் சந்தைகளில் டர்போ கொட்டிக் கிடக்கிறது. லாரி, வேன், ஜீப் என்று எதிலிருந்தோ கழற்றியவை. நம் டிராக்டருக்கு அதில் ஒன்று சேராதா?

சேரும். ஆனால் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான பொருத்தத்தைப் பார்க்கிறார்கள். முதலில் ஃபிளாஞ்ச் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம் சிசி, அதாவது என்ஜின் கொள்ளளவு. இரண்டும் ஏமாற்றும். டர்போவுக்கு சிசி தெரியாது. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று போகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. டீசல் என்ஜினில் காற்றின் அளவு எச்பியோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆகவே எச்பியை வைத்துத் தேடுவதுதான் சரியான வழி.

கணக்கைப் பாருங்கள். நம் 2.9 லிட்டர் என்ஜின் நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நிரம்பும். 2400 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 1200 தடவை, அதாவது 3480 லிட்டர் இடம். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்று 85 சதவீதம் போட்டு, 0.7 பார் அழுத்தத்தையும் அதனால் காற்று சூடாகி விரிவதையும் சேர்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ காற்று. எந்த டர்போ எவ்வளவு காற்றுக்குச் சரிவரும் என்று காட்ட டர்போ கம்பெனிகள் வெளியிடும் கம்ப்ரஸர் மேப்பில் இது நிமிடத்துக்கு 10 பவுண்டு பக்கத்தில் விழும்.

டாடா 407-இல் வந்த என்ஜின் 2956 சிசி. நம் டிராக்டருக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் இன்டர்கூலரோடு 100 எச்பி தரும் வகை அதில் உண்டு. அதற்கு வேண்டிய காற்று நம்முடையதைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல். அந்த டர்போவை நம் மேனிஃபோல்டில் ஏற்றினால், சேற்றில் 1500, 1600 ஆர்பிஎம்மில் என்ஜின் திணறும்போது அதைச் சுழற்றும் அளவுக்குப் புகை வராது. முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் உயிர் வரும், அவ்வளவுதான். டர்போ இருந்தும் கரும்புகை போகாது.

பொலிரோவின் 2523 சிசி என்ஜின் சிசியில் நம்மைவிடச் சிறியது. ஆனால் 3200 ஆர்பிஎம்மில் 63 எச்பி தரும் வகையை எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு அது நிரப்பும் இடம் 4037 லிட்டர். நம்முடையதைவிட 16 சதவீதம்தான் கூட. எச்பியிலும் ஏறக்குறைய அதே வித்தியாசம். ஆக, காற்றுக் கணக்கில் 407-ஐவிட இது எவ்வளவோ நெருக்கம். ஊரில் "பொலிரோ டர்போ சேரும்" என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்களோ இல்லையோ, பேச்சில் விஷயம் இருக்கிறது.

இதைவிடவும் சிறிய டர்போ, ஒரு சின்னக் கார் டர்போ, மாட்டினால் என்ன ஆகும்? முதல் நாள் பிரமாதமாக இழுக்கும், அழுத்தம் சட்டென்று ஏறும். அங்கேதான் ஆபத்து. கார் எப்போதாவது முழு லோடில் ஓடும்; டிராக்டர் காலை ஆறு மணிக்கு இறங்கினால் மதியம் வரை முழு லோடுதான். சின்ன டர்போ அதன் வேக எல்லையைத் தாண்டிச் சுற்றும், புகை வெளியேற இடமில்லாமல் மேனிஃபோல்டில் சூடு ஏறும், வால்வு காயும். கூடவே, புது கார்களில் பல விஜிடி வகை. உள்ளே அசையும் இதழ்கள் இருக்கும், அவற்றை வண்டியின் கம்ப்யூட்டர் இயக்கும். கம்ப்யூட்டர் இல்லாத டிராக்டரில் அதற்கு வேலையில்லை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

காற்றுக் கணக்கு சரி என்றால் அப்புறம்தான் லேத் வேலை. ஃபிளாஞ்ச் வேறாக இருந்தால் தடித்த இரும்புத் தகட்டில் அடாப்டர் கடைந்து போடலாம். டர்போ அதனால் வெளியே தள்ளி நிற்கும். அந்த எடை முழுதும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் தொங்கக் கூடாது. என்ஜின் பிளாக்கிலிருந்து ஒரு சப்போர்ட் பட்டை அவசியம். இல்லாவிட்டால் வயல் வரப்பு ஏறி இறங்கும் அதிர்ச்சியில் மேனிஃபோல்டு வெடித்துவிடும், வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஓட்டுவது நீண்ட நாள் நிற்காது.

ஆயில் டிரெயின் நேராகக் கீழே பார்த்து நிற்க வேண்டும். சாய்வு 35 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று டர்போ கம்பெனிகளே சொல்கின்றன. வேறு வண்டி டர்போவில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடிக்கும். அந்த வண்டியில் டர்போ வேறு கோணத்தில் உட்கார்ந்திருக்கும். ஹவுசிங் போல்ட்டைத் தளர்த்தி நடுப்பகுதியைத் திருப்பிச் சரிசெய்யலாம். டிரெயின் பைப்பின் உள்விட்டம் பழையதைவிடக் குறையவே கூடாது. வழியில் பள்ளமாகத் தொங்கி மேலேறும் வளைவும் கூடாது.

ஜீப், வேன் டர்போக்களில் வேஸ்ட்கேட் இருக்கும். அழுத்தம் எல்லை மீறும்போது புகையைத் திருப்பி வெளியே விடும் கதவு. பல பழைய டிராக்டர் டர்போக்களில் அது இல்லை. இருப்பது நமக்கு நல்லதே. ஆனால் கேஜ் மாட்டி, டிராக்டருக்கு உரிய அழுத்தத்தில் திறக்கும்படி, அந்தக் கதவை இழுக்கும் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். கம்பியை இறுக்கி வைத்துவிட்டு டீசல் பம்பையும் ஒரு சுற்று திறந்து விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வண்டி 65 எச்பி போல இழுக்கும். பிஸ்டனும் ரேடியேட்டரும் கிளட்ச்சும் 55-க்குச் செய்தவை என்பது முதல் கோடையில் தெரிந்துவிடும்.

மொத்தத்தில் வேறு வண்டி டர்போ என்பது, பழைய டர்போவின் ஹவுசிங்கும் போய், அதே நம்பரில் எதுவும் கிடைக்காத நிலையில் எடுக்க வேண்டிய வழி. மலிவு என்று இதில் இறங்குகிறவர்கள் அடாப்டர், பைப், சப்போர்ட், லேத் கூலி, நாலு நாள் வண்டி நின்றது எல்லாவற்றையும் கூட்டினால் கோர் விலையைத் தாண்டியிருப்பார்கள்.

டர்போவே இல்லாமல்?

ஓட்டலாம். இதே 2.9 லிட்டர் அளவில் டர்போ இல்லாமலே 45 எச்பி டிராக்டர்கள் விற்கின்றன. டர்போவைக் கழற்றி, மேனிஃபோல்டிலிருந்து நேராகச் சைலன்சர் பைப், ஆயில் வரும் வாயும் திரும்பும் வாயும் முறையாக அடைப்பு, ஏர் கிளீனரிலிருந்து நேர் ஹோஸ். அதோடு டீசல் பம்பைக் கடையில் கொடுத்து, மெஷினில் வைத்து டீசலைக் குறைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். 55 எச்பிக்கான டீசலை 45 எச்பிக்கான காற்றில் எரித்தால் புகையும் சூடும் மட்டும்தான் மிச்சம். டர்போவுக்கென்று கம்ப்ரஷன் குறைத்துச் செய்த என்ஜினாக இருந்தால் மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கவும் செய்யும்.

டிரெய்லர் இழுக்க, அஞ்சு கலப்பை ஓட்ட, தண்ணீர் டேங்கர் அடிக்க என்றால் இது தாராளமாகப் போதும். 6 அடி ரோட்டவேட்டரை ஈரக் களிமண்ணில் இறக்குகிறவர்களுக்குச் சரிவராது. 5 அடிக்கு இறங்க வேண்டும். டர்போ வரும்வரை ஒரு போகத்துக்கு இப்படி ஓட்டுவதில் தப்பில்லை. டர்போ தேய்ந்து ஆயில் உள்ளே தள்ளும் நிலையில் அப்படியே ஓட்டுவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து என்ஜின் தன்னிச்சையாக வேகம் ஏறிப் போவதுண்டு. அப்போது ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. காற்று வாயைப் பலகையால் அடைத்தால்தான் அடங்கும். கையால் அடைக்கப் போகாதீர்கள்.

மாட்டும்போது

எந்த வழியை எடுத்தாலும், பழைய டர்போ எதனால் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டக் கூடாது. ஆயில் வரும் மெல்லிய பைப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முழு லோடில் ஓடிவந்து அப்படியே ஆஃப் செய்த வண்டிகளில் உள்ளே ஆயில் கருகித் துவாரம் பாதியாகியிருக்கும். அந்தப் பைப்பைச் சுத்தம் செய்து மாளாது, புதிது போடுங்கள். ஆயில் ஃபில்டர், ஆயில், ஏர் ஃபில்டர் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. ஆயில் ஃபிளாஞ்சில் கேஸ்கெட் பேஸ்ட் தடவ வேண்டாம். இறுக்கும்போது பிதுங்கும் பேஸ்ட் உள்ளே உதிர்ந்து துவாரத்தை அடைத்தால் முதல் அரை மணியிலேயே புஷ் போய்விடும்.

பைப்பைப் பூட்டும் முன் ஆயில் வாயில் சுத்தமான என்ஜின் ஆயிலை ஊற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றி, கீழே சொட்டும்வரை விடுங்கள். ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று நிமிடம் ஐடிலில் ஓடட்டும், ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். வேலை முடித்து வரும்போதும் அணைக்கும் முன் அதே ஐடில் பழக்கம் வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் பின் மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்; சூடேறி ஆறியதில் நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கோர் கொடுக்கும் கடைகளில் பழைய கோரைக் கொடுத்தால் விலையில் கழிவு உண்டு. உடனே கொடுத்துவிடாமல், புதியது ஒரு வாரமாவது லோடில் ஓடிய பிறகு கொடுங்கள். பழைய ஹவுசிங்கையும் பெயர்ப்பலகையையும் மட்டும் எந்தக் கழிவுக்கும் விட்டுவிட வேண்டாம்; அடுத்த தடவை நம்பர் தேட அதுதான் வேண்டும்.